சின்ன பிளைண்டில் அம்மா

ஒன்பதும் நாலும். ஒன்று இஸ்பேடு, மற்றது டைமன். இந்த இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு போக்கரில் யாரும் ஆட்டத்துக்குள் இறங்க மாட்டார்கள். அம்மா இறங்கினாள். முதலில் ஒரு ஒன்பதும் கடைசியில் ஒரு நாலும் நடுவில் வந்து விழ, இரண்டு ராணிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்த சின்ன மாப்பிள்ளை மண்ணைக் கவ்வினார்.

"அத்தை! அதை எதுக்கு வச்சுட்டு வந்தீங்க?" கைபேசிக்குள்ளிருந்து அவர் கதறியது நாலு வீட்டிலும் கேட்டது.

"ஆமா மாப்பிள்ளை, ஆமா" என்று அம்மா சிரித்தாள்.

"எங்கக்காகிட்ட வச்சுக்காதீங்க. பிரேக் இல்லாத வண்டி அது" என்றார் மாமா. அவர் லாரி ஓட்டுகிறவர். கைபேசி இல்லாமலேயே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நாலு வீடுகளில் ஐந்து பேர் இப்படி உட்கார்ந்துவிடுவார்கள். டேப்லெட்டில் சீட்டு மேசை, கைபேசியில் கூட்டு அழைப்பு. அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அம்மாவின் இரண்டு பெண்கள், சின்னவளின் கணவர். மூத்தவளின் கணவருக்குச் சீட்டு என்றாலே அலர்ஜி, அந்த நேரத்தில் அவர் தூங்கிவிடுவார். ஆளுக்கொரு ஊரில் இருக்கும் குடும்பம் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும் என்று சின்ன மாப்பிள்ளைதான் இந்த மேசையைப் போட்டுக்கொடுத்தார்.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு ரகசியமாக வரும். பிடித்தால் சில்லு வைத்து உள்ளே வரலாம். பிடிக்காவிட்டால் சீட்டைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் விரியும். எல்லோரும் நல்ல சீட்டு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் ஆட்டம் நகராது அல்லவா? அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, கண்ணை மூடிக்கொண்டு, சில்லு வைத்தாக வேண்டும். முதல் ஆள் வைக்கும் ஒரு சில்லு சின்ன பிளைண்ட். அடுத்த ஆள் வைக்கும் இரண்டு சில்லு பெரிய பிளைண்ட். இந்த முறை சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். சில்லு என்பதும் திரையில் தெரியும் வண்ண வட்டம்தான். ஒரு மலையே சேர்த்தாலும் அதை வைத்து ஒரு டீ குடிக்க முடியாது.

அம்மாவின் வில்லங்கமெல்லாம் இந்த பிளைண்டில்தான் இருந்தது. முறை அவளுக்கு வந்து ஒரு சில்லோ இரண்டு சில்லோ வைத்துவிட்டால் போதும், கையில் எந்தக் குப்பை வந்தாலும் விட மாட்டாள். சின்ன மாப்பிள்ளை காப்பீட்டு நிறுவனத்தில் யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடுகிற வேலையில் இருப்பவர். எந்தச் சீட்டுக்கு இறங்கலாம், எதற்குக் கூடாது என்று பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்ட அட்டவணையை மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அம்மா இறங்கும் சீட்டெல்லாம் அதில் ரத்தச் சிவப்பு.

மறுநாள் மதியம் சின்னவள் அக்காவைக் கூப்பிட்டாள். நூலகத்தில் வேலை. அங்கே மெதுவாகவே பேசிப் பேசி, வீட்டிலும் அவளுக்குக் குரல் எழும்பாது.

"அக்கா, அம்மாவைக் கவனிச்சியா?"

"என்ன?"

"என்னைக் குழந்தைங்க பிரிவுக்கு மாத்திட்டாங்கன்னு போன வாரம் ஆட்டத்துல சொன்னேனா இல்லையா? நீங்க எல்லாருமே இருந்தீங்க. நேத்து ராத்திரி மெசேஜ் போட்டு, பத்திரிகைப் பிரிவு எப்படிப் போகுதுன்னு கேக்கறாங்க. சுத்தமா மறந்துட்டாங்க. இந்தச் சீட்டாட்டத்தையும் சேர்த்துப் பாரு. என்ன வச்சிருக்கோம்னு பாக்காமலே இறங்கறாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்குக்கா. ஞாபகம் கிஞாபகம்..."

"சும்மா இரு. நான் பாக்கறேன்" என்றாள் மூத்தவள். அவள் மருத்துவமனையில் காது பரிசோதனை செய்பவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பி அவளுக்குப் பழக்கமில்லை.

அவளுடைய அறைக்குள்ளே இன்னொரு குட்டி அறை உண்டு. சுவரெல்லாம் பஞ்சு வைத்து, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எட்டிப் பார்க்காத அறை. காதுகேட்பானை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லும் இடம். நோயாளிகள் இல்லாத இடைவேளையில் அவள் அதற்குள் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது வழக்கம். அன்று டப்பாவோடு டேப்லெட்டையும் எடுத்துப் போனாள்.

அந்தச் செயலியில் முடிந்த ஆட்டங்களைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். யார் கையில் என்ன இருந்தது என்பதும் தெரியும். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பிற்பாடு அடித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று சின்ன மாப்பிள்ளை செய்து வைத்த ஏற்பாடு அது. அவள் அம்மாவின் ஆட்டங்களை மட்டும் வரிசையாக ஓட்டினாள்.

முதல் ஆச்சரியம் சீக்கிரமே வந்தது. பிளைண்ட் முறை இல்லாத இடங்களில் அம்மா பரம கஞ்சம். ராஜாவும் ஒன்பதும் வந்தால் போட்டுவிடுகிறாள். ஜாக்கியும் பத்தும் வந்தால்கூடப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் தொடுகிறாள். ஞாபகம் தவறியவள் எல்லா இடத்திலும் அல்லவா தவற வேண்டும்? இருக்கைக்கு இருக்கை புத்தி மாறுமா?

பிறகு பெரிய பிளைண்டைப் பார்த்தாள். கடைசி இருக்கையில் இருக்கும் மாப்பிள்ளை எதையாவது வைத்துக்கொண்டு ஐந்து சில்லுக்கு ஏற்றுகிறார். சின்ன பிளைண்ட் விலகிவிட்டால், ஏற்கெனவே கிடப்பதோடு சேர்த்து நடுவில் எட்டு. அம்மா இரண்டு வைத்தாயிற்று, இன்னும் மூன்று போட்டால் போதும். எட்டைப் பிடிக்க மூன்று. நாலு தடவையில் மூன்று தடவை தோற்றாலும் கைக்குப் பெரிய சேதமில்லை. அட, இது பைத்தியக்காரத்தனமே இல்லையே! குப்பைதான், ஆனால் மலிவு விலைக் குப்பை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சுவாரஸ்யமாகிவிட்டது. மாப்பிள்ளையின் அட்டவணை எல்லா இருக்கைக்கும் பொதுவாகப் போட்டது என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆனால் சின்ன பிளைண்ட் இடித்தது. அங்கே வைத்திருப்பது ஒன்றே ஒன்று. உள்ளே வர நான்கு போட வேண்டும். பின்னால் பெரிய பிளைண்டில் ஒருவர் காத்திருக்கிறார், அவர் மறுபடி ஏற்றினால் போட்ட நான்கும் போச்சு. நடுச்சீட்டு விரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் முதலில் வாய் திறக்க வேண்டியது சின்ன பிளைண்ட்தான். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்ய வழியில்லை. பெரிய பிளைண்டில் சேர்த்ததையெல்லாம் அம்மா சின்ன பிளைண்டில் விட்டுக்கொண்டிருந்தாள். அங்கே விலையும் சரியில்லை, இடமும் சரியில்லை. இவ்வளவு தெரிந்தவளுக்கு அது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அப்படி வம்படியாக உள்ளே வருபவள், நடுவில் விழுந்த சீட்டு உதவாவிட்டால் ஒரு சண்டையும் போடுவதில்லை. அடுத்தவர் சில்லு வைத்தவுடன் அமைதியாகப் போட்டுவிடுகிறாள். ஜெயிக்கும் ஆசையில் வருபவள் ஒரு தடவையாவது முறைத்துப் பார்க்க மாட்டாளா? சும்மா உள்ளே வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறாள். கடை கடையாக ஏறி, எதுவும் வாங்காமல் இறங்குபவர்களைப் போல. எதற்கு?

கேள்வி அந்த வாரம் முழுக்க அவள் பின்னாலேயே சுற்றியது. சனிக்கிழமை பையில் ஒரு மாற்றுச் சேலையை வைத்துக்கொண்டு அம்மாவின் ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

அம்மா அந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலேயே முன்பதிவுக் கவுன்ட்டரில் இருப்பவள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. மூத்தவள் இறங்கியபோது கவுன்ட்டர் முன்னால் கூட்டம். பின்னால் நான்கைந்து பேருந்துகள் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருந்தன. தடிக் கண்ணாடிக்கு அப்பால் அம்மா கண்ணாடியில் இருந்த ஓட்டையின் பக்கம் காதைத் திருப்பாமல், பயணிகளின் முகத்தையே பார்த்துப் பார்த்து, ஊர் பேரும் நேரமும் திருப்பிக் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு தப்பும் இல்லை. ஞாபகம் தவறியவளா இவள் என்று மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். அம்மா கேட்டாள், இவள் சொன்னாள், அம்மா கிண்டல் செய்தாள். எல்லாம் பழையபடிதான்.

மறுநாள் மதியம் இருவரும் ஒரே மேசையில் ஆளுக்கொரு டேப்லெட்டோடு உட்கார்ந்தார்கள். இரண்டு கைபேசியை வைத்தால் எதிரொலிக்கும் என்பதால் அம்மாவுடையதை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஒலியைக் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்திருந்தாள் அம்மா. குரல்களெல்லாம் தகரத்தில் உரசுவது போல் வந்தன.

மூத்தவள் அன்று தன் சீட்டைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

அம்மா சீட்டைப் போட்டுவிட்ட ஆட்டங்களில் மற்றவர்கள் ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார்கள். சின்னவள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பாள், மாப்பிள்ளை குறுக்கே புகுவார், அதற்குள் மாமா வேறு எதையோ எடுத்துவிடுவார். அம்மாவின் விரல் மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும். கண் சுவரில் இருக்கும். கைபேசிக்குள் எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கப் போகும் நேரத்தில் அம்மா சிரிப்பாள்.

அந்தத் தாமதச் சிரிப்பைப் பார்த்ததும் மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அது பழகிய சிரிப்பு. பஞ்சறைக்கு வெளியே, குடும்பத்தாரோடு உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

பிளைண்ட் முறை வந்தது. அம்மா ஒரு சில்லு வைத்தாள், நான்கு போட்டு உள்ளே வந்தாள். உடனே கைபேசியின் பேச்சு திரும்பியது. "அத்தை வந்துட்டாங்க!" "அம்மா, இந்தத் தடவை என்ன குப்பை?" "அக்கா, விடாத, ஏத்து!" ஒருவர் மாற்றி ஒருவராக எல்லோரும் அம்மாவிடம் பேசினார்கள். அம்மாவின் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. மாமாவுக்கு மட்டும் டக்கென்று பதில் சொன்னாள். மற்றவர்களுக்கு, "ஆமா ஆமா."

மூத்தவள் எழுந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். தண்ணீர்க் குடத்தைத் திறப்பது போலப் பாவனை செய்துகொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"அம்மா, உன் சேலையில தீப்பிடிச்சிருச்சு."

அம்மா நிதானமாக இன்னொரு சில்லு வைத்தாள்.

கைபேசிதான் அலறியது. "என்னக்கா? தீயா? எங்க?" என்றாள் சின்னவள். "ஒண்ணுமில்லை, சும்மா" என்று சொல்லிவிட்டு மூத்தவள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மூத்தவள் துளிகூடக் குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தாள். காபி வேணுமா?

"அரை டம்ளர் போதும். சர்க்கரை கம்மியா" என்றாள் அம்மா.

ஆட்டம் முடிந்து அழைப்பைத் துண்டித்த பிறகு, காபியை எதிரே வைத்துவிட்டு மூத்தவள் நேராகவே கேட்டாள்.

"எத்தனை நாளாம்மா காது கேக்கல?"

அம்மா டம்ளரைத் தூக்கி, ஊதி, வைத்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு விட்டுவிட்டாள்.

"கேக்காம என்ன, கேக்குது. மாமா பேசினா நல்லா கேக்குது. நீயும் அவளும் பேசினாதான் பாதி வார்த்தை வர்றதில்லை. மூஞ்சியைப் பாத்தா மீதியைப் போட்டுக்குவேன். கவுன்ட்டர்ல இத்தனை வருஷம் வேற என்னத்தைப் பண்ணேன்? பஸ்சு போடற சத்தத்துல எவனுக்குத்தான் காது கேக்கும்? எல்லாம் வாயைப் பாத்துதான்."

"போன்ல வாய் தெரியாதே."

"தெரியாது."

"அதுக்கும் சீட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? அந்தக் குப்பையை வச்சுட்டு ஏன் வர்றே?"

அம்மாவுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"சீட்டைப் போட்டுட்டேன்னு வை. நீங்க நாலு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து பேசுவீங்க. எனக்கு அது கொதிக்கிற உலை மாதிரி. ஒரு பருக்கையையும் பிடிக்க முடியாது. உள்ள இருந்தேன்னா என்கிட்டதான் பேசுவீங்க. என்ன பேசுவீங்கன்னும் எனக்குத் தெரியும். போடு, விடு, ஏத்து, என்ன வச்சிருக்கே. அதுக்கு மேல என்ன? பதில் சொல்லிடலாம். நானும் கூட்டத்துல இருக்கேன்."

"அதுக்குன்னு பிளைண்ட்ல மட்டுமா?"

"வேற இடத்துல வந்தா முழு டிக்கெட்டு. பெரிய பிளைண்ட்ல பாதி டிக்கெட்டு. உள்ள வந்து உக்காந்துட்டுப் போறதுக்கு அதுதானே சல்லிசு?"

"சின்ன பிளைண்ட்?"

"அது நஷ்டம்தான்" என்று அம்மா ஒத்துக்கொண்டாள். "தெரியும். ஆனா ஒரு சுத்துல ரெண்டு தடவையாவது உள்ள இருக்கலாமே. மாப்பிள்ளை திட்டறதாவது காதுல விழும். அவர் கோவத்துல கத்தினா நல்லா கேக்குது."

மூத்தவள் சிரித்துவிட்டாள். கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. ஊரில் உள்ளவர்கள் காதையெல்லாம் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, இதை இத்தனை காலம் பார்க்காமல் இருந்திருக்கிறாள். வாராவாரம் முகம் தெரியாமலே பேசியிருக்கிறார்கள். நேரில் வரும்போதெல்லாம் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பாசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டச் சொல்றதுக்கு என்னம்மா?"

"சொன்னா உடனே அந்தப் பெட்டிக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திடுவே. அப்புறம் கவுன்ட்டர்ல தெரிஞ்சா எழுப்பி ஸ்டோர் ரூம்ல போட்டுடுவாங்க. எனக்கு ஆளுங்க வேணும்டீ."

தள்ளத்தான் செய்தாள். அந்த வாரமே அம்மா விடுப்புப் போட்டுவிட்டு மகளின் மருத்துவமனைக்கு வந்து, பஞ்சறைக்குள் காதுகேட்பானை மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூத்தவள் ஒலியை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போனாள். விளக்கு எரிந்தது. எரிந்தது. ஒலியை நிறுத்தினாள். அப்போதும் எரிந்தது.

கதவைத் திறந்தாள். "அம்மா, நான் சத்தமே போடலை. ஏன் அழுத்தினே?"

"வரும்னு தோணுச்சு."

"இங்க பிளைண்ட் கிடையாதும்மா. லேசா கேட்டாலும் அழுத்து. கேக்கலைன்னா சும்மா இரு. இதுல தோத்தாதான் உனக்கு லாபம்."

இரண்டாம் தடவை அம்மா ஒழுங்காக ஆடினாள். தடித்த ஒலிகள் பெரும்பாலும் கேட்டன. மேலே போகப் போக, மெல்லிய கூர்மையான ஒலிகளில், விளக்கு எரியவே இல்லை. மாமாவின் குரல் ஏன் கேட்கிறது, பெண்கள் குரல் ஏன் கேட்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மூத்தவள் அங்கேயிருந்தே தங்கையைக் கூப்பிட்டாள்.

"ஞாபகமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. நீ குழந்தைங்க பிரிவுக்குப் போனதை அம்மா மறக்கலை. கேக்கவே இல்லை."

"நான் கத்திச் சொல்லியிருக்கணும்" என்றாள் சின்னவள், வழக்கமான கிசுகிசுக் குரலிலேயே.

காது கேட்கும் கருவி இரண்டு காதிலும் ஏறியது. கைபேசிப் பேச்சு நேராகக் காதுக்குள் வரும் வகை. அம்மா பயந்தது போல யாரும் அவளை எழுப்பிவிடவில்லை. மேற்பார்வையாளரிடம் தானே போய்ச் சொன்னாள். அவர் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒரு சின்ன மைக்கும் ஒலிபெருக்கியும் பொருத்த ஏற்பாடு செய்தார். பக்கத்துக் கவுன்ட்டர்காரர்களும் தங்களுக்கும் வேண்டும் என்று கொடி பிடித்தார்கள்.

முதல் ஞாயிறு ஆட்டத்தில் அம்மா சீட்டைப் போட்டுவிட்டு, காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டாள். சுவருக்கு வெளிர் பச்சையா வெளிர் மஞ்சளா என்று நீண்ட பேச்சு ஓடியது. அது முடிந்ததும் மாமா தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி ஆரம்பித்தார். மாப்பிள்ளை புதுச் செருப்பு கடிப்பதைச் சொன்னார்.

"ஏம்பா" என்றாள் அம்மா. எல்லோரும் நிறுத்தினார்கள். "இத்தனை நாளா இதைத்தான் பேசிட்டு இருந்தீங்களா? இதுக்கா நான் அவ்வளவு சில்லை விட்டேன்?"

மாமா சிரித்த சிரிப்பில் அம்மா அவசரமாகக் கருவியின் ஒலியைக் குறைத்தாள்.

சின்ன பிளைண்டில் அதற்குப் பிறகு அம்மா குப்பையோடு வருவதில்லை. பெரிய பிளைண்டில் மட்டும் விலை பார்த்து வந்தாள். இது சரியான ஆட்டம் என்று முதலில் மெச்சிக்கொண்ட மாப்பிள்ளைக்கு, தான் ஒவ்வொரு வாரமும் தோற்பது உறைக்கச் சில வாரங்கள் ஆயின. எதிர்ச்சுவர் அட்டவணையைக் கிழித்துவிட்டு, இருக்கைக்கு ஒன்றாகப் புதிதாக அச்சடித்து ஒட்டினார். "அத்தை பழையபடி ஆடினாதான் எனக்கு நல்லது" என்று மனைவியிடம் முணுமுணுத்ததை அம்மா கேட்டுவிட்டாள். "மாப்பிள்ளை, எல்லாம் காதுல விழுது" என்றாள்.

மூத்தவளுக்கு ஆட்டங்களை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபோது ஓர் ஆட்டத்தில் திடுக்கிட்டு நிறுத்தினாள். அம்மாவின் கையில் இரண்டு ராஜா. இதற்கு மேல் நல்ல சீட்டு ஒன்றே ஒன்றுதான், அது இரண்டு ஏஸ். அம்மா ஏற்றவும் இல்லை, போடவும் இல்லை. யோசிக்கக் கொடுத்த நேரம் ஓடி முடிந்து, செயலியே அவள் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டிருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள் இல்லையோ என்று மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அம்மாதான்.

உடனே கூப்பிட்டாள். "அம்மா, ரெண்டு ராஜாவை விட்டிருக்கியே, நெட்டு கட்டாயிடுச்சா?"

"எப்போ?"

"போன ஞாயித்துக்கிழமை. நடுவுல."

அம்மா யோசித்தாள். பிறகு ஞாபகம் வந்துவிட்டது, சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பதான்டீ உன் தங்கச்சி அந்த வாண்டு கதையைச் சொல்லிட்டு இருந்தா. புத்தகத்தோட சேத்து அவங்கப்பா மூக்குக் கண்ணாடியையும் திருப்பிக் குடுத்துட்டுப் போச்சாமே, அது. எவ்வளவு மெதுவா பேசறா பாரு அவ! ஆனா ஒரு வார்த்தை விடாம வந்துச்சு. அந்த நேரத்துல ராஜாவை யாரு பாத்தா?"

அப்புறம் அந்தக் கதையை முதலிலிருந்து அம்மா இவளுக்குச் சொன்னாள். இவள் அன்றே கேட்டதுதான். டப்பாவை மூடி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.